நூற்றுப் பதினேழாம் நாற்காலி

செம்பூரிலிருந்து சயானுக்குப் போகும் சாலையில், மழையில் நடந்துகொண்டிருந்தேன். தலையில் ஓர் இரும்பு நாற்காலி. அது மடக்கு நாற்காலிதான். மடக்கும் விதம் தெரியாததால் விரித்தபடியே கவிழ்த்துச் சுமந்தேன். கால்கள் நான்கும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. வலது காலில் செருப்பு இல்லை.

சுனாபட்டி பக்கம் ஒரு டீக்கடை வாசலில் ஒதுங்கி நின்ற ஆள், வீடு மாறுகிறாயா என்று இந்தியில் கேட்டார். ஆமாம் என்றேன். மற்ற சாமான்கள் எங்கே என்றார். இவ்வளவுதான் என்றேன். அவர் நம்பினார். பம்பாயில் அதை நம்பாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை.

விக்ரோலியில் மரப்பெட்டிக்கு ஆணி அடிக்கும் வேலையை விட்டுவிட்டுத் தாராவிக்கு வந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். நாற்காலி அதற்கு இரண்டு மாதம் கழித்து வந்தது. அது எப்படி என் தலைக்கு வந்தது என்று சொல்ல வேண்டுமானால், ஞானமுத்துவின் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்து கஜம்

ஞானமுத்து தாராவி அணியின் கோல்கீப்பர். நாசரேத் பக்கத்து ஆள். பகலில் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புக் குழியில் நின்று வேலை. ஆறடி உயரம். கையை விரித்தால் ஒரு கதவுக்குக் குறுக்கே போட்ட கட்டை மாதிரி இருப்பான். அந்த வட்டாரத்தில் அவனைத் தாண்டிக் கோல் போடுவது கஷ்டம் என்று பெயர்.

அவனுக்கு ஐந்து கஜத்துக்கு மேல் கண் தெரியாது.

பிறவியிலேயே அப்படியா, சுண்ணாம்பு செய்த வேலையா என்று அவனுக்கே தெரியாது. ஒருமுறை கண்ணாடி வாங்கி, நூலால் காதில் கட்டிக்கொண்டு ஆடினான். முதல் பந்திலேயே கண்ணாடி போயிற்று, மூக்கும் கொஞ்சம் போயிற்று. அதற்குப் பிறகு கண்ணாடிக்குப் பதிலாக எங்களை வைத்துக்கொண்டான்.

எங்கள் பழைய மைதானம் என்பது தாராவி ஓரத்தில் ஒரு சேற்று வெளி. கிழக்கே ரயில் பாதை, மேற்கே தண்ணீர்க் குழாய். சுவர் இல்லை, வேலி இல்லை. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் உட்கார அவரவர் ஏதாவது கொண்டுவருவார்கள். பெரும்பாலும் மண்ணெண்ணெய்த் தகரம். தகரத்தைக் கவிழ்த்துப் போட்டுக் கோலுக்குப் பின்னால் வலையை ஒட்டி இருநூறு பேர் உட்காருவோம். பந்து வரும் பக்கத்தைக் கத்திச் சொல்லுவோம். ஞானமுத்து அந்தப் பக்கம் விழுவான்.

இடது, வலது என்று சொன்னால் அவனுக்கு யோசித்துத்தான் புரியும். அதற்குள் கோல் விழுந்துவிடும். அதனால் "ரயிலு" என்போம், "குழாய்" என்போம். உயரமாக வந்தால் "மாடி". எதிரணிக்காரர்கள் கோவாக்காரர்களோ மராட்டியர்களோ, யாராக இருந்தாலும் இது ஏதோ மதராஸிகளின் பழக்கம் என்று விட்டுவிட்டார்கள்.

இருநூறு பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றும் விளங்காது என்பதால், முக்கியமான நேரத்தில் ஒருவர் மட்டுமே சொல்ல வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. நான் வந்த பிறகு அந்த ஒருவர் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. தொண்டை மட்டும் நிற்கவில்லை.

பாதி ஆட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறும்போது, நாங்களும் தகரத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றிப் போய் அடுத்த கோலுக்குப் பின்னால் உட்காருவோம். இதைத் தாராவியில் யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை. கோல்கீப்பர் போகிற இடத்துக்கு அவன் கண் போகத்தானே வேண்டும்.

தகரத்துக்கு நாற்காலி

செம்பூரில் ஒரு பெரிய கம்பெனி புது ஸ்டேடியம் கட்டியது. அதன் முதல் ஆட்டத்துக்குத் தங்கள் அணியோடு மோத எங்களைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட வந்தவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். கம்பெனி அணிக்கு நல்ல கோல்கீப்பர் இல்லை. ஞானமுத்துவைப் பெரிய அதிகாரி நேரில் பார்க்க விரும்புகிறார். பிடித்துவிட்டால் நிரந்தர வேலை, திலக் நகர் பக்கம் ஓர் அறை. அறைக்குள்ளேயே குழாய்.

ஞானமுத்துவின் மனைவி மேரி அப்போது ஏழு மாதம். விடியுமுன் குடத்தோடு வரிசையில் நிற்பாள். அறைக்குள்ளேயே குழாய் என்று கேட்டதும், அது எந்த மூலையில் இருக்கும் என்று மட்டும் கேட்டாள்.

நான் அவர்கள் குடிசையின் பரணில் படுத்துக்கொண்டிருந்தேன். அவன் போனால் பரணும் போகும்.

ஆட்டத்தன்று இருநூறு பேரும் தகரத்தோடு செம்பூர் போனோம். வாசலில் கணபத் என்ற காவலாளி நின்றார். சாத்தாராக்காரர், காக்கிச் சட்டையில் இஸ்திரி மடிப்பு. தகரம் உள்ளே போகக் கூடாது என்றார். வெளியே சுவர் ஓரமாக அடுக்கச் சொன்னார். அடுக்கினோம். இருநூறு தகரம் அடுக்கியபோது ஸ்டேடியத்தின் சுவரைவிட அதுதான் பார்வையாக இருந்தது.

தகரத்துக்குப் பதிலாக உள்ளே ஆளுக்கொரு இரும்பு நாற்காலி. புதுசு. பச்சைப் பெயிண்ட் வாசனை போகவில்லை. முதுகில் வெள்ளையில் எண். என் சீட்டில் நூற்றுப் பதினேழு, நாற்காலியிலும் நூற்றுப் பதினேழு. சீட்டு எண்ணும் நாற்காலி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், மாறி உட்கார்ந்தால் வெளியே அனுப்புவேன் என்று கணபத் ஒவ்வொருவரிடமும் சொன்னார். நூற்றுப் பதினாறில் உட்கார்ந்த ஒரு பெரியவரை எழுப்பி நூற்றுத் தொண்ணூறுக்கு அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

நீண்ட பக்கம் ஒன்றில் சிமெண்ட் படிகள், அதில் கம்பெனி ஆட்கள். எதிர்ப் பக்கம் இன்னும் வேலை முடியவில்லை. அங்கே ஒரு பள்ளம், நிறைய மழைத் தண்ணீர். எங்கள் நாற்காலிகள் தெற்குக் கோலுக்குப் பின்னால். வடக்குக் கோலுக்குப் பின்னால் வெறும் தரை. வேலியும் போடவில்லை, சுவரும் பாதிதான்.

கக்கூஸில் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். ஆட்டம் தொடங்கிய பிறகும் எங்கள் ஆட்கள் முப்பது பேர் அங்கே தலைசீவிக்கொண்டிருந்தார்கள்.

வலைக்குள் ஒரு கோல்கீப்பர்

புது இடத்தில் ரயிலும் இல்லை, குழாயும் இல்லை. முந்தின நாளே நான் பாதிச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து வந்து, ஞானமுத்துவோடு பேசி முடிவு செய்திருந்தேன். சிமெண்ட் படி ரயில். பள்ளம் குழாய். அதில் சிக்கல் வரவில்லை.

சிக்கல் தூரத்தில் வந்தது. பழைய மைதானத்தில் வலையைத் தொட்டுக்கொண்டு உட்காருவோம். இங்கே கோலுக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் முப்பது அடி, அதற்கு மேல் கம்பி வேலி. போதாததற்கு ஒலிபெருக்கி. மாட்டுங்காவிலிருந்து வரும் வெங்கடராமன் என்ற கம்பெனி குமாஸ்தா அதில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருந்தார். அவர் மூச்சு விடும்போது நாதஸ்வர இசைத்தட்டு ஓடியது.

நான் கத்துவது ஞானமுத்துவுக்குக் கேட்கவில்லை. கேட்பதற்காக அவன் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தான். கொஞ்ச நேரத்தில் கோல் கோட்டைத் தாண்டி வலைக்குள் நின்றான். முதுகால் வலையைத் தள்ளிக்கொண்டு எங்களை நோக்கிக் காதைச் சாய்த்தான். நடுவர் வந்து, நீ காக்க வேண்டியது உனக்கு முன்னால் இருக்கிறது என்று விளக்கி வெளியே கொண்டுவந்து விட்டார்.

மூன்று பந்துகள் வந்தன. ஒன்று கம்பத்தில் பட்டது. ஒன்று மேலே போயிற்று. இன்னொன்றுக்கு அவன் குழாய்ப் பக்கம் விழுந்தான். பந்து ரயில் பக்கம் வந்து, சேற்றில் சிக்கிக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அது எங்கே என்று தேடி, கையால் தடவி எடுத்தான். சிமெண்ட் படியில் கைதட்டினார்கள். எவ்வளவு நிதானம் என்று நினைத்திருப்பார்கள்.

பாதி ஆட்டம் முடிந்தது. கோல் இல்லை.

ஊர்வலம்

எழுந்தோம். பக்கம் மாற வேண்டும். கணபத் கையை நீட்டி மறித்தார். சீட்டில் உள்ள எண்ணில்தான் உட்கார வேண்டும், அந்தப் பக்கம் எண் இல்லை என்றார்.

வேறு யாராவது என்றால் கெஞ்சியிருப்பார்கள், இல்லை சண்டை போட்டிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அது கேள்வியாகவே படவில்லை. எங்கள் தகரத்தை வாங்கி வைத்துக்கொண்டு நாற்காலி கொடுத்திருக்கிறார்கள். தகரத்தை எப்படித் தூக்கிக்கொண்டு போவோமோ, அப்படியே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நான் முதலில் தூக்கினேன். கணபத்திடம் சீட்டைக் காட்டினேன். தலையைத் திருப்பி நாற்காலி முதுகையும் காட்டினேன். அவர் சீட்டைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். இரண்டிலும் நூற்றுப் பதினேழு. அவருக்குச் சொல்லப்பட்ட விதி அவ்வளவுதான். ஒதுங்கி வழிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. அடுத்தவரை நிறுத்தினார். சீட்டு, நாற்காலி, சரி. அடுத்தவர். சீட்டு, நாற்காலி, சரி. ஒருவர் மனைவியின் நாற்காலியை மாற்றித் தூக்கிவிட்டார். திருப்பி அனுப்பிச் சரியானதை எடுத்துவரச் செய்தார். கடமையில் அவ்வளவு சுத்தமான மனிதரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

பள்ளத்தில் தண்ணீர் என்பதால் மைதானக் கோட்டை ஒட்டித்தான் போக வேண்டியிருந்தது. தலையில் பச்சை நாற்காலியோடு ஒருவர் பின் ஒருவராக இருநூறு பேர். ஒலிபெருக்கியில் வெங்கடராமன் பேச்சை நிறுத்தியதை அன்று முதல்முறையாகக் கேட்டேன். இசைத்தட்டை யாரும் நிறுத்தவில்லை. நாதஸ்வரத்தோடு ஊர்வலம் நடந்தது.

நான் வடக்குப் பக்கம் சேர்ந்து, வலையை ஒட்டி நாற்காலியைப் போட்டபோது என்னோடு பத்துப் பேர்தான் வந்திருந்தார்கள். நடுவர் விசில் ஊதிவிட்டார். சிமெண்ட் படியிலிருந்து பெரிய அதிகாரி எழுந்து நின்று, எல்லாரும் அப்படியே உட்காருங்கள் என்று சொல்லியனுப்பினார்.

அப்படியே உட்கார்ந்தார்கள். யார் எங்கே நின்றாரோ அங்கே நாற்காலியைப் போட்டார்கள். மைதானக் கோட்டின் நீளத்துக்கும் ஒரே வரிசை. கால்கள் கோட்டுக்கு உள்ளே. பல லட்சம் செலவழித்துக் கட்டிய ஸ்டேடியம் ஐந்து நிமிஷத்தில் எங்கள் பழைய மைதானமாகிவிட்டது.

ஞானமுத்து திரும்பாமலே என் பெயரைச் சொல்லிக் கேட்டான். "மாடா, இருக்கியாலே?"

"இருக்கேன்."

"கிட்டத்தானே?"

"ஒன் முதுகுச் சேறு எம் மூஞ்சில அடிக்கி. இன்னும் என்ன கிட்ட வேணும்?"

அவன் தோள் இறங்கியது தெரிந்தது. அதற்குப் பிறகு அரைமணி நேரம் அவன் ஆடியதுதான் ஆட்டம். ரயிலு என்றேன், விழுந்தான். மாடி என்றேன், எழும்பினான். நான் இருமினாலும் எந்தப் பக்கம் என்று காதைக் கொடுத்தான்.

கடைசியில் வந்தது பெனால்டி. எங்கள் தடுப்பாட்டக்காரன் ஒருவன் கோல் பக்கத்தில் கோடு தாண்டிப் போட்டிருந்த ஒரு நாற்காலியில் இடறி, விழும்போது கைக்குக் கிடைத்ததைப் பிடித்தான். கிடைத்தது கம்பெனி ஆட்டக்காரனின் அரைக்கால்சட்டை.

பன்னிரண்டு கஜத்தில் பந்து. ஞானமுத்துவுக்கு அது பனிமூட்டம். நான் நாற்காலி மேல் ஏறி நின்றேன். உதைக்கிறவன் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்வது ஒரே ஒரு வார்த்தை. அதில் ஓர் அறை இருந்தது, அறைக்குள் ஒரு குழாய் இருந்தது.

அவன் ஓடி வந்தான். இடுப்பு ரயில் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறந்தேன்.

கோடு நெடுக உட்கார்ந்திருந்த இருநூறு பேரும் அதே நொடியில் வாயைத் திறந்தார்கள். அத்தனை நாள் காத்த ஏற்பாடு போயிற்று. பாதிப் பேர் ரயில், பாதிப் பேர் குழாய், நாலைந்து பேர் மாடி. யாரோ ஒருவர் "கர்த்தரே" என்றார்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஞானமுத்துவுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை. அதனால் எங்கேயும் போகவில்லை. கையைத் தொங்கவிட்டு, கோல் நடுவில், பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றான்.

உதைக்கிறவன் அந்த மாதிரி கோல்கீப்பரைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. கடைசி நொடியில் கால் தடுமாறியது. பந்து நேராக வந்து ஞானமுத்துவின் வயிற்றில் சொருகியது. அவன் அதைப் பிடிக்கவில்லை. வலியில் குனிந்தான், பந்து உள்ளே மாட்டிக்கொண்டது.

சாலையோரம்

பிறகு நடந்தது சீக்கிரம் நடந்தது. எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். காவலாளிகள் தடியோடு வந்தார்கள். நாற்காலியை எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடியவர்கள், அங்கே இருநூறு தகரத்தில் தன் தகரம் எது என்று அடித்துக்கொண்டார்கள். நான் வடக்குப் பக்கத்துப் பாதிச் சுவரைத் தாண்டி ஓடினேன். செருப்பு பள்ளத்தில் போயிற்று. ஓடி முடித்த பிறகுதான் தலையில் நாற்காலி இருப்பது தெரிந்தது.

சயானுக்குக் கொஞ்சம் முன்னால் ஞானமுத்து என்னை எட்டிப் பிடித்தான். எட்டிப் பிடித்தான் என்பது தவறு. தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். நாற்காலி சுமந்து போகிறவன் யார் என்று ஐந்து கஜத்துக்குள் வந்த பிறகும் தெரியாமல், நான் கூப்பிட்டுத்தான் நின்றான்.

சாலையோரம் நாற்காலியை இறக்கி அவனை உட்கார வைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தான்.

"கம்பெனி பெரிய சாயிபு கையக் குடுத்தாருடே," என்றான். "இத்தன வருஷத்துல பெனால்டிக்கு அசையாம நின்ன ஆம்பளய நா பாத்ததில்லன்னு சொன்னாராம். அந்த மாட்டுங்கா சார்தான் தமிழ்ல சொன்னாரு."

"வேலை?"

"உண்டு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கி டாக்டரு பாக்கணுமாம். நெஞ்சு, வயிறு." வயிற்றிலிருந்து கையை எடுத்தான். "கண்ணு."

மழை அவன் தலையில் விழுந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"கண்ணுக்கு என்ன கேப்பாவளாம்?"

"செவுத்துல இங்கிலீசு எழுத்து இருக்குமாம். மேல பெருசு, கீழ போகப் போகச் சிறுசு. வாசிக்கணும்."

"ஒனக்கு இங்கிலீசு எழுத்து தெரியுமா?"

"மிஷன் பள்ளிக்கூடத்துல ஏபிசிடி பாட்டா சொல்லிக்குடுத்தாவ. தலைகீழாக் கேட்டாலும் சொல்லுவேன். எழுத்து தெரியும்லே. செவுருதான் தெரியாது."

அவன் எழுந்தான், நான் நாற்காலியைத் தூக்கினேன். வீட்டில் மேரி அதில் உட்கார்ந்து, முதுகு சாய்கிறதா என்று பார்த்தாள். குழாயைப் பற்றி அன்று அவள் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள்

காலையில் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நல்லெண்ணம் இல்லை. என் தகரம் அங்கே இருந்தது.

வாசலில் வெங்கடராமன் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். தடிமனான மூக்குக்கண்ணாடி. என் தலையில் இருந்த எண்ணைப் படித்துவிட்டு, நோட்டில் ஒரு கோடு அடித்தார்.

"முதல்ல தூக்கிண்டு கிளம்பினது நீதானே?" என்றார்.

ஆமாம் என்றேன். அடிப்பார்களோ என்று ஒரு காலைப் பின்னால் வைத்தேன்.

அவர் அடிக்கவில்லை. அன்று காலையே அதிகாரியிடமிருந்து உத்தரவு வந்திருந்தது. இனி எண்ணை நாற்காலியில் எழுதினால் போதாது, ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில் தரையிலும் எழுத வேண்டும். பெயிண்டும் தூரிகையும் தயார், எழுத ஆள் இல்லை. உனக்கு எழுத வருமா என்றார். எண் வரும், இங்கிலீஷ் எழுத்தும் வரிசையாக வரும் என்றேன். வரும் என்று சொன்னதால்தான் எனக்கு இதுவரை எல்லா வேலையும் கிடைத்திருக்கிறது.

இங்கிலீஷ் எழுத்து என்றதும் அவர் முகம் மாறியது. என்னைச் சிமெண்ட் படிக்கு அடியில் இருந்த புது வைத்திய அறைக்கு அழைத்துப் போனார். முந்தின நாள் மழை அங்கே ஒழுகியிருந்தது. சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டை ஊறி, எழுத்தெல்லாம் கரைந்து தரைவரை கோடு கோடாக வழிந்திருந்தது.

"டாக்டர் பத்து மணிக்கு வந்துடுவார். தரையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல இதை எழுதிடு," என்றார். ஒரு வெள்ளைப் பலகையைச் சுவரில் சாய்த்தார்.

"என்ன எழுத்து சார்?"

"எதுவா இருந்தா என்னப்பா. மேல பெருசா ஒண்ணு. கீழ வரவரச் சின்னதா."

அவர் போய்விட்டார். ஜன்னல் வழியாக வாசல் தெரிந்தது. தகரக் குவியலுக்குப் பக்கத்தில் ஞானமுத்து, குளித்துத் தலைசீவி, வெள்ளைச் சட்டையில், ஒரு தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஜன்னல் தெரிந்திருக்காது. ஆனால் என் தொண்டைக்கு எட்டும் தூரம்தான்.

தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, பலகையின் உச்சியில் பெரிதாக ஏ என்ற எழுத்தைப் போட்டேன். அதற்கடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும்.